டேங்கின் அடிவயிறு

ஐந்து மாதமாகத் தேடிய பச்சை நிறம், ஜிம்முக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ரம்பத்துக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

ரம்பம் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயரல்ல. வாயைத் திறந்தால் அறுத்துத் தள்ளுவான் என்று பள்ளிக்கூடத்தில் ஒட்டவைத்த பெயர், முப்பது வயதாகியும் உதிரவில்லை. துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு அந்தப் பெயருக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டதாக அவனே சொல்லிக்கொள்வான். நிறுவனம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் மேடம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருடம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, நசுங்காத பொய்களைப் பிடித்தவர். மேலதிகாரியின் மைத்துனர் சொன்ன பொய்யையும் ஒருநாள் பிடித்துவிட்டதால் வேலையை விட்டு வெளியே வந்தார். ஊரில் அவரைச் சர்வேயரம்மா என்பார்கள்.

இந்தக் கேஸைக் கொடுத்தவள் ரம்பத்தின் சொந்த அக்கா.

அக்கா லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து மாடிக் கட்டடத்திலும் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்த்தவள். ஒரு நண்பகலில் கருவிப் பையோடு சாலையைக் கடந்தபோது, முனையில் திரும்பிய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று அவளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இப்போது அதே கம்பெனியில் டெலிபோன் முன்னால் உட்கார்ந்து, எந்த லிஃப்ட் எந்த மாடியில் நின்றுபோனது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு நினைவிருந்தது ஒன்றுதான். முகத்துக்கு அருகே வந்த பெட்ரோல் டேங்க். கரும்பச்சை, நடுவே மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. ஓட்டியவனுக்கு ஹெல்மெட் இருந்தது, முகம் இல்லை. கருவிப் பையின் முரட்டுத் துணியில் விரல் நகம் அளவுக்கு ஒரு பெயின்ட் சில்லு சிக்கியிருந்தது. மேலே பச்சை, அடியில் மெரூன். ஆக, கம்பெனியிலிருந்து மெரூன் நிறத்தில் வந்த வண்டிக்கு யாரோ பிற்பாடு பச்சை பூசியிருக்கிறார்கள்.

ஒரு கடையின் கேமராவில் வண்டியின் மாடல் மட்டும் தெரிந்தது. நிறமும் இல்லை, நம்பரும் இல்லை. ஊரில் அந்த மாடல் ஒன்பதுதான். ஏழு வண்டிகள் அன்று ஊரிலேயே இல்லை. மீதி இரண்டு. ஒன்று ஜிம் மாஸ்டருடையது, பச்சை. மற்றொன்று ஒரு பல் டாக்டருடையது, மெரூன். பட்டியலில் டாக்டரின் வண்டிக்கு நேராகப் போலீஸ் இன்ஸ்பெக்டர், கம்பெனி பெயின்ட், கை வைக்கப்படவில்லை என்று எழுதி அடித்துவிட்டிருந்தார். மாதக் கடைசியில் ஃபைலை மூடிவிடப் போவதாகவும் சொல்லியிருந்தார்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஒரு காலுக்கு ஒரு கால் என்று ரம்பம் முதல் நாளே மேடத்திடம் சொல்லிவிட்டான். அதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

ஜிம் மாஸ்டர் தோளில் துண்டோடு வெளியே வந்து யார் வேண்டும் என்று கேட்டார். தோள் இரண்டும் கதவை அடைத்தன. ரம்பத்தின் கை தன் பைக்குள் போயிற்று.

“ரம்பம், உள்ள வெச்சிருக்கிற டயர் லீவரை எடு. சீட்டைத் தூக்கணும்” என்றார் மேடம், திரும்பிப் பார்க்காமல்.

பைக்குள் என்ன இருக்கிறது என்று அவன் அவரிடம் மூச்சுவிட்டதில்லை. அசடு வழிய அந்த இரும்புப் பட்டையை எடுத்துக் கொடுத்தான்.

சீட் வந்தது. மேடம் கைப்பையிலிருந்து பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, டேங்கின் அடியில் நுழைத்தார். வண்டிக்குச் சொத்தைப் பல் இருக்கிறதா என்று ரம்பம் கேட்டான். வாயை மூடிக்கொண்டு பார் என்று பதில் வந்தது.

பார்த்தான். மேலே பளபளத்த பச்சை, ஓரத்தோடு நின்றுபோயிருந்தது. டேங்கின் அடி முழுக்கக் கறுப்பு. அதுவும் ஏனோதானோவென்று அடித்த கறுப்பு. தொட்டால் சொரசொரத்தது. தகடு இணையும் இடத்தில் சாம்பல் நிறப் பூச்சு எட்டிப் பார்த்தது, ஒரு சொட்டு பெயின்ட் வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. பெட்ரோல் குழாயில் மட்டும் பச்சைத் தூறல். இரண்டு திருகாணிகளின் தலையும் பச்சை.

“டேங்க்கைக் கழட்டாமலே அடிச்சிருக்காங்க. யார் அடிச்சது?” என்று கேட்டார் மேடம்.

மச்சான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பா பெயின்ட் வாங்கிவந்து அடித்துவிட்டார் என்று மாஸ்டர் வெட்கத்தோடு சொன்னார். தன் அக்கா வீட்டுக்காரர் என்பதால் ஒன்றும் சொல்ல முடியவில்லையாம். அவர் மச்சானா எதிரியா என்று விசாரித்துவைப்பது நல்லது என்றான் ரம்பம். ஆனால் அவனுக்குள் ஏதோ பொத்தென்று விழுந்திருந்தது. சில்லின் அடியில் இருந்தது மெரூன். இந்த வண்டியோ கம்பெனியிலிருந்து வந்ததே கறுப்பு நிறத்தில். இது அந்த வண்டி இல்லை. ஐந்து மாதக் கோபத்துக்கு இப்போதுதான் ஒரு முகவரி கிடைத்திருந்தது, அதுவும் கை நழுவிப் போயிற்று. இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் சம்பந்தமில்லாத ஒரு மனிதனின் முட்டியைப் பெயர்த்திருப்போம் என்று நினைத்தவன், டயர் லீவரைத் திரும்ப வாங்கிப் பையின் அடியில் புதைத்தான்.

மேடம் அந்தக் கறுப்பு அடியைப் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, கம்பெனிக்காரன் கைவேலை எப்படி இருக்கும் என்று ஒரு ஞாபகத்துக்கு என்றார்.

பல் டாக்டரின் கிளினிக் நான்கு தெரு தள்ளி இருந்தது. டாக்டர் தங்கமான மனிதர். இன்ஷூரன்ஸ் விஷயமாக வண்டியைப் பார்க்க வேண்டும் என்று மேடம் சொன்னதும், காத்திருந்த நோயாளியிடம் ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு தானே இறங்கி வந்தார். மேல்துணியை உருவினார். மெரூன் டேங்க் முகம் பார்க்கும்படி மின்னியது. ஏழு வருடமாகக் குழந்தையைப் போல வைத்திருப்பதாகச் சொன்னார்.

“ஸ்டிக்கர் ஓரத்துல நகத்தை வெச்சுப் பாருங்க. தட்டாது. கம்பெனியில ஸ்டிக்கரை ஒட்டிட்டு அதுக்கு மேலதான் வார்னிஷ் அடிப்பாங்க. வெளியில அடிச்சா மேல ஒட்டுவாங்க, நகம் மாட்டும்.”

ரம்பம் வைத்துப் பார்த்தான். மாட்டவில்லை. டாக்டர் பெட்ரோல் மூடியைத் திறந்து விளிம்பைக் காட்டினார், காகிதம் ஒட்டி மறைத்து அடித்த தடம் எதுவுமில்லை. திருகாணிகள் சுத்தம். குழாய் சுத்தம். மேடம் ஒரு முறை குனிந்து, குட்டிக் கண்ணாடியை அடியில் காட்டிவிட்டு நிமிர்ந்தார். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. நன்றி சொன்னார். டாக்டர் ரம்பத்தின் கடைவாய்ப் பல்லைக் கவனிக்கும்படி அன்போடு சொல்லி அனுப்பினார்.

காரில் ஏறியதும் ரம்பம் புலம்ப ஆரம்பித்தான். பச்சை வண்டியும் இல்லை, மெரூன் வண்டியும் இல்லை, அக்காவை இடித்தது ஆகாயத்திலிருந்து விழுந்த வண்டி போலிருக்கிறது. அந்த டாக்டர் பாவம், எவ்வளவு மரியாதையான மனிதர். மேடம் போனை அவன் மடியில் போட்டார். மாஸ்டர் வண்டியின் அடிவயிறு.

“இதே மாடல், இதே வருஷம், இதே கம்பெனி. எப்படி இருக்கு?”

“கேவலமா இருக்கு.”

“கம்பெனிக்காரன் ஒரு நாளைக்கு எத்தனை டேங்க் அடிப்பான்? அடியில யார் பார்க்கப் போறாங்கன்னு விட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பான். டாக்டர் வண்டியோட அடி எப்படி இருந்துச்சு தெரியுமா? என் முகம் தெரிஞ்சுது. மூக்குல இருக்கிற மரு தெரிஞ்சுது.”

ரம்பம் போனில் இருந்த படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தான்.

மேடம் சொல்லிக்கொண்டே போனார். ஸ்டிக்கர், விளிம்பு, திருகாணி எல்லாவற்றிலும் கம்பெனியை அப்படியே காப்பியடித்தவன், ஒரே ஒரு விஷயத்தில் தோற்றுவிட்டான். கம்பெனியின் சோம்பேறித்தனத்தைக் காப்பியடிக்க அவனுக்கு மனசு வரவில்லை. யாரும் பார்க்காத இடத்தையும் தேய்த்து, துடைத்து, பளபளக்க வைத்துவிட்டான். வேலைமேல் வெறி பிடித்தவன் செய்கிற தப்பு அது. அப்புறம் இன்னொன்று. தன் வண்டி கம்பெனி பெயின்ட்தான் என்று கேட்காமலே நாலு விதமாக நிரூபிக்கிற மனிதன், அந்தப் பாடத்தை எதற்காகப் படித்தான்?

ரம்பம் கதவைத் திறந்துகொண்டு இறங்கப் போனான். கிளினிக் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. மேடம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தார்.

“பளபளப்பா இருக்குன்னு சொன்னா கோர்ட் சிரிக்கும். அவன் முட்டியை நீ உடைச்சா அவன் நோயாளி, நீ குற்றவாளி. முதல்ல பெயின்டரைப் பிடிப்போம்.”

பெயின்டரைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. மூன்று கடைகளில் விசாரித்தார்கள். மூன்று பேரும் ஒரே ஆளைத்தான் திட்டினார்கள். ஒரு டேங்குக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்வான், அவசரம் என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான், பிழைக்கத் தெரியாதவன்.

அந்தப் பிழைக்கத் தெரியாதவர் ஒரு மரக்கிடங்கின் பின்கட்டில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தூசி கிளம்பாமல் இருக்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்திருந்தது. ஐம்பது வயது, கடுகடுத்த முகம். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். பல் டாக்டர் என்றதும் முகம் இன்னும் இறுகியது. வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே பேசுவதில்லை என்று சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

ரம்பம் மிரட்டலாமா, காலில் விழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். மேடம் இரண்டும் செய்யவில்லை. அங்கேயிருந்த முக்காலியில் உட்கார்ந்து, அலுப்போடு ஒரு கொட்டாவி விட்டார்.

“மெரூன் பரவாயில்லைன்னுதான் டாக்டர் சொன்னார். முதல்ல அடிச்ச பச்சைதான் சகிக்கலையாமே. கோடுகூடக் கோணலாமே. அதான் அன்னைக்கே அழிக்கச் சொல்லிட்டாராம்.”

உப்புத்தாள் நின்றது.

“கோணலா?” என்றார் பெயின்டர். “என் கோடா?”

அடுத்த நிமிடம் அவர் ஏணியைச் சாத்திப் பரணில் ஏறியிருந்தார். பழைய கம்பளியில் சுற்றிய ஒரு பொதியை மார்போடு அணைத்து இறக்கி, மேஜைமேல் வைத்து அவிழ்த்தார். கரும்பச்சை டேங்க். நடுவே ஒரு வெள்ளைக் கோடு, ஒரே மூச்சில் இழுத்தது. முப்பத்தி நாலு நாள் உழைப்பு என்றார். நண்பர்களுக்குத் திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று டாக்டர் ஒரு போட்டோகூட எடுக்கவிடவில்லை. காலை பதினோரு மணிக்கு எடுத்துக்கொண்டு போனவர், பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தார். ஸ்டாண்டிலிருந்து வண்டி சாய்ந்துவிட்டதாம். பச்சையே பிடிக்கவில்லையாம். ஒரு துளி விடாமல் தேய்த்து எடுத்துவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த மாதிரி மெரூன் அடிக்க வேண்டுமாம்.

“ஒன்றரை மணி நேரத்துல பிடிக்காமப் போச்சாம். தேய்க்க உட்கார்ந்தேன். கை வரல. பழைய இரும்புக் கடையில இதே மாடல் டேங்க் ஒண்ணு தேடி வாங்கி, அதுக்கு மெரூன் அடிச்சு மாட்டிவிட்டேன். அந்த ஆளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

ரம்பம் டேங்கின் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கையகலத்துக்கு ஒரு நெளிசல். நெளிசலின் ஓரத்தில் நகம் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்த இடம். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, சில்லை இடுக்கியால் பிடித்து அந்த இடத்தில் வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த நெளிசல் தன் அக்காவின் உடம்பு பட்ட இடம் என்று மூளைக்கு எட்டியதும் அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஐந்து மாதமாகப் பரணில் இதைக் கம்பளி போர்த்தி வைத்திருந்தாயா என்று பெயின்டரின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

மேடம் அவனை விலக்கிவிட்டு, நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னார். பெயின்டர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு ரம்பத்தைப் பார்த்து, தனக்கு எதுவும் தெரியாது என்று பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். தன் வேலையை அவமானப்படுத்தினான் என்றுதான் இத்தனை நாள் வயிறெரிந்துகொண்டிருந்தாராம். இப்போது எரிவது வேறு என்றார்.

டேங்க் மட்டும் போதாது என்று மேடம் சொன்னார். யாருடைய டேங்கோ, பெயின்டர் மாற்றிப் பேசுகிறான் என்று டாக்டர் கையை உதறிவிடுவார். அது தன்னுடையது என்று அவர் வாயாலேயே வர வேண்டும். பெயின்டர் யோசித்துவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டார். மெரூனில் குமிழி கிளம்ப வாய்ப்பிருப்பதாகவும், நாளைக் காலை வண்டியை விட்டுப்போனால் மாலைக்குள் சரிசெய்து தருவதாகவும் பணிவோடு சொன்னார். அந்தப் பணிவைக் கேட்டு ரம்பத்துக்கே புல்லரித்தது.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு டாக்டர் கையில் ஹெல்மெட்டோடு வந்தார். வண்டியின்மேல் துணி போர்த்தியிருந்தது. கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் சாதாரண உடையில் இன்ஸ்பெக்டர் பெயின்ட் கலர் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேடமும் ரம்பமும் மரப்பலகை அடுக்குக்குப் பின்னால் நின்றார்கள். வாசலுக்கு அருகே ஒரு நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தான் வந்தே தீருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, அவளே அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்தாள். ரம்பத்தால்தான் சிரிக்க முடியவில்லை.

டாக்டர் அவளைக் கடந்து போகையில் நின்றார்.

“பெயின்ட் வாடை ஆகாதும்மா. கொஞ்சம் வெளியில தள்ளி உட்காருங்க” என்று கனிவாகச் சொன்னார். பெயின்டரின் உறவுக்காரி என்று நினைத்திருப்பார். ஊன்றுகோலைப் பார்த்தார், அதற்காக ஒரு இரக்கப் புன்னகையும் கொடுத்தார்.

பெயின்டர் துணியை உருவினார்.

கரும்பச்சை டேங்க், நெளிசலும் பெயர்ந்த இடமுமாக, தன் பழைய இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. டாக்டரின் முகத்திலிருந்த ரத்தம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பெயின்டரை நெருங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

“என் டேங்க்கை அன்னைக்கே தேய்ச்சு அழிக்கச் சொன்னேன் இல்ல? ஒரு துளி இருக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இதை யாராவது பார்த்தா நான் என்ன ஆவேன்னு யோசிச்சியா?”

“ஏன் டாக்டர், ஸ்டாண்டுல இருந்து சாஞ்சதுதானே?” என்றார் பெயின்டர்.

கலர் அட்டை மூடும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் தான் யாரென்று சொன்னார். டாக்டர் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே பலகை அடுக்கை விட்டு வெளியே வந்த ரம்பம் நின்றான். இரண்டு கையும் முஷ்டியாகியிருந்தன. டாக்டர் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், அதற்காகவே அவன் காத்திருந்தான். அந்த ஒரு அடியை அவர் எடுத்து வைக்க வேண்டுமென்று மனதார வேண்டிக்கொண்டான்.

“தம்பி, நகரு” என்றாள் அக்கா. “நான் பேசிக்கிறேன்.”

நாற்காலியின் கையைப் பிடித்து, ஊன்றுகோலை இடுக்கி, யாரையும் உதவிக்கு வரவிடாமல் எழுந்தாள். டாக்டருக்கு முன்னால் வந்து நின்றாள். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கண் தானாக அவளுடைய பாவாடை விளிம்புக்கு, கால் இல்லாத இடத்துக்கு இறங்கியது. உதடு மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்தது.

“கீழ பார்க்காதீங்க டாக்டர். நிமிர்ந்து என் முகத்தைப் பாருங்க. அன்னைக்கு நீங்க திரும்பிப் பார்க்கல. இப்போ என்னை வெளியில போய் உட்காரச் சொன்னீங்க. நாளைக்குக் கோர்ட்ல இந்தப் பொம்பளை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிடக் கூடாது. நல்லாப் பாருங்க.”

டாக்டர் பார்த்தார். கண்ணைத் தாழ்த்திய ஒவ்வொரு முறையும் அக்கா இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. இன்ஸ்பெக்டர் கைவிலங்கை எடுத்து வைத்துக்கொண்டு, அவள் போதும் என்று சொல்லும்வரை காத்திருந்தார்.